காற்றடைக்கும் பான்டூன் படகு: பூட்டுவது முதல் பதிவு வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் பே ஏரியாவில், சனிக்கிழமை விடியற்காலையில் தூண்டிலோடு கிளம்பும் தமிழர்கள் சிலர் இருக்கிறோம். ஏரிக்கரையில் வேனின் பின்கதவைத் திறந்து நான் படகின் பாகங்களைக் கோத்துப் பூட்ட ஆரம்பித்தால் போதும், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நின்று கேட்க ஆரம்பிப்பார். ஏழெட்டு வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். சட்டம் பற்றிய பதில்கள் கலிபோர்னியாவுக்கானவை. மற்ற மாநிலக்காரர்களுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

அண்ணா, பான்டூன்னா இருபது பேர் உட்கார்ந்து பார்ட்டி பண்ணுவாங்களே, அந்த போட்டா?

பெயர் மட்டும்தான் ஒன்று. அது அலுமினிய உருளைகளின் மேல் மேடை போட்டு, கூரை கட்டி, பெரிய மோட்டார் வைத்தது. நான் சொல்வது ஒரே ஆள் உட்காரும் சின்னப் படகு. சுருட்டு மாதிரி இரண்டு காற்றுக் குழாய்கள், அவற்றின் மேல் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம், நடுவில் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் துடுப்பு. நீளம் 8, 9 அடி. எடை 25 முதல் 35 கிலோ. கால் தண்ணீரில் தொங்கும். காலில் நீச்சல் துடுப்பு மாட்டிக்கொண்டால் கை முழுக்கத் தூண்டிலுக்கே.

இரட்டை உடல் கொண்ட படகை ஆங்கிலத்தில் 'கட்டமரன்' என்கிறார்களே, அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. அந்த வகையில் இது நமக்குத் தூரத்துச் சொந்தம்.

கயாக் வாங்குறதா, ஃப்ளோட் ட்யூப் வாங்குறதா, இதை வாங்குறதா? குழப்பமா இருக்கு.

அபார்ட்மென்டில் இருப்பவருக்குக் கயாக் வைக்க இடம் இருக்காது. ஃப்ளோட் ட்யூப் என்பது உட்கார்ந்தபடி மிதக்கும் காற்று வளையம். மலிவு, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், ஆனால் இடுப்பு வரை தண்ணீரில் இருப்பீர்கள். துடுப்பு இல்லாததால் காற்று எதிர்த்து அடித்தால் கரை சேர்வதற்குள் தொடை கழன்றுவிடும். பான்டூன் இரண்டுக்கும் நடுவில். கழற்றினால் கேம்ரி மாதிரி காரின் டிக்கியிலும் பின்சீட்டிலுமாக அடங்கிவிடும். சியன்னா வேன் வைத்திருப்பவர்கள் சீட்டை மடக்கிவிட்டுச் சட்டத்தைக் கழற்றாமலே உள்ளே தள்ளலாம்.

ஒரு குறை உண்டு. இது தண்ணீருக்கு மேலே நிற்கும் பொருள், காற்று தள்ளிக்கொண்டு போகும். கிளம்பும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும். தெம்பு இருக்கும்போது காற்றோடு மிதந்துபோய், களைத்த பிறகு எதிர்த்து வருகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

தனியா பூட்ட முடியுமா? எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் தடவை வீட்டுக் கொல்லையில் பூட்டிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஆகும், ஒரு திருகு மிச்சமாக இருக்கும். பத்தாவது தடவை இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வரிசைதான் முக்கியம். முதலில் சட்டத்தைக் கோத்து, அமுக்கு பொத்தான்கள் எல்லாம் துளை வழியாக வெளியே எட்டிப் பார்க்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் குழாய்களைப் பாதி மட்டும் ஊதுங்கள். வெளியே தெரிவது உறைதான், உள்ளே தனியாக ஒரு காற்றுப்பை இருக்கிறது. அது எங்கேயாவது முறுக்கிக்கொண்டிருந்தால் பாதிக் காற்றில் கையால் நீவிச் சரிசெய்துவிடலாம். முழுக் காற்றில் முடியாது. பை நேராக இருந்து, ஜிப் முழுவதும் மூடியிருந்தால் சட்டத்தை மேலே வைத்துப் பட்டைகளை இறுக்கி, மீதிக் காற்றை அடியுங்கள். முதலிலேயே முழுக்க ஊதிவிட்டுப் பட்டையைக் கட்டினால், தண்ணீரில் இறங்கியதும் குழாய் சற்றுச் சுருங்கிப் பட்டை தொளதொளத்துப் போகும்.

எவ்வளவு காத்து அடிக்கணும்? கல்லு மாதிரி இருக்கணுமா?

உங்கள் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுதான் கணக்கு. இந்த வகைப் படகுகளில் பெரும்பாலும் 2 முதல் 3 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு). கார் டயருக்கு 32 அடித்துப் பழகிய கைக்கு இது ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். அதனால்தான் பலர் பெட்ரோல் பங்க் கம்ப்ரசரை வைத்து வெடிக்கவிடுகிறார்கள். கைப்பம்பும் சின்ன அளவுமானியும் போதும்.

வெயிலும் குளிரும் அளவை மாற்றும். 20 டிகிரியில் அடைத்த குழாய் கரையில் கிடந்து 50 டிகிரிக்குச் சூடானால் ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் ஏறிவிடும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் தொய்யும். இறக்கிய பத்து நிமிடத்தில் ஒருமுறை தொட்டுப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கரையேற்றினால் நிழலில் போடுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் காற்றை விடுங்கள்.

இதைவிடப் பெரிய சமாசாரம் மலை. கிழக்கு சியராவில் இருக்கும் க்ரௌலி ஏரி சுமார் 6,800 அடி உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐயாக இருக்கும் வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே 11.4 அளவுக்குத்தான் இருக்கும். அந்த வித்தியாசம் அப்படியே உங்கள் குழாய்க்குள் ஏறும். இது எனக்குப் பாடப் புத்தகத்தில் தெரிந்திருந்தது, புத்தியில் இல்லை. வீட்டிலேயே ஊதி வேன் கூரையில் கட்டிக்கொண்டு டியோகா கணவாய் வழியாகப் போனேன். கணவாயின் உயரம் 9,943 அடி. உச்சியை நெருங்கும்போது தலைக்கு மேல் 'டப்' என்று ஒரு சத்தம். டயர் போய்விட்டது என்று ஓரங்கட்டி நான்கையும் சுற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. நிமிர்ந்தால் இடது குழாய் பழைய தலையணை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பை தையலோடு ஒரு முழம் கிழிந்திருந்தது. அந்தப் பயணத்தில் கரையில் உட்கார்ந்துதான் மீன் பிடித்தேன்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? எனக்குக் கிணத்துல குதிச்சே நீச்சல் பழக்கம்.

பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, அளவுக்குப் பொருந்துவதாக, கடலோரக் காவல்படை ஒப்புதல் பெற்றதாக, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதுதான் சட்டம். படகு ஓடும்போது 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அதை அணிந்தே இருக்க வேண்டும். துடுப்புப் படகுக்கும் இதே விதிதான்.

என் கணக்கு வேறு. ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் பனி உருகி வரும் தண்ணீரையும் ஒன்றாக நினைக்காதீர்கள். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு திக்கும், சற்று நேரத்தில் விரல் மடங்காது, நீச்சல் தெரிந்த கையும் காலும் சொன்னபடி கேட்காது. போட்டுக்கொண்டே உட்காருங்கள். வேடர்ஸ் (தண்ணீர் புகாத மீன்பிடிக் காலுடை) அணிந்தால் இடுப்பு பெல்ட்டையும் இறுக்குங்கள். ஒரு விசில் கழுத்தில் தொங்கட்டும். இருட்டில் துடுப்பு போடுவதாக இருந்தால் வெள்ளை டார்ச் ஒன்று கையருகே வேண்டும். மோட்டாரோடு இரவில் போவதாக இருந்தால் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளும் வெள்ளை விளக்கும் பொருத்த வேண்டும்.

துடுப்பு மட்டும் போட்டா டிஎம்வி, அதான் வண்டி பதிவு ஆபீஸ், பக்கமே போக வேணாமா?

வேண்டாம். கலிபோர்னியாவில் துடுப்பால் மட்டும் செலுத்தும் படகுக்குப் பதிவு கிடையாது. எண், ஸ்டிக்கர், படகோட்டி அட்டை எதுவும் வேண்டாம். மீன்பிடி உரிமம் மட்டும் தேவை. அது படகுக்கானது இல்லை, 16 வயது நிறைந்த ஆளுக்கானது. 2023 முதல் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும்.

அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் முதல் வருடம் துடுப்போடு மட்டும் போங்கள் என்று சொல்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு மோட்டார் தேவையே படாது.

சின்ன பாட்டரி மோட்டார்தானே ப்ரோ, பெட்ரோல்கூட இல்ல. அதுக்குமா பதிவு?

அதற்கும்தான். அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மோட்டார் பெட்ரோலில் ஓடுகிறதா பாட்டரியில் ஓடுகிறதா, படகு 8 அடியா 18 அடியா என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. இயந்திரம் பொருத்திவிட்டால் அது மோட்டார் படகு, டிஎம்வியில் பதிவு செய்தாக வேண்டும்.

கூடவே இன்னும் இரண்டு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று கலிபோர்னியா படகோட்டி அட்டை. 2018இலிருந்து வயதுவாரியாகக் கொண்டுவந்து, 2025 ஜனவரி 1 முதல் மோட்டார் படகு ஓட்டும் எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். பாதுகாப்புப் பாடம் ஒன்றைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும், அட்டைக் கட்டணம் 10 டாலர், ஆயுள் முழுக்கச் செல்லும். இன்னொன்று, பதிவு செய்த படகு நன்னீரில் இறங்குவதற்கான சிப்பித் தடுப்பு ஸ்டிக்கர். சிப்பிக்கும் நமக்கும் என்ன பகை என்று கேட்பீர்கள். கீழே வருகிறேன்.

சரி, பதிவுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

'போட் 101' என்ற விண்ணப்பப் படிவம், படகு வாங்கிய ரசீது, படகின் எச்ஐஎன் எண் (படகிலேயே பதித்திருக்கும் அடையாள எண்), அடையாள அட்டை, கட்டணம். ரசீதில் விற்பனை வரி கட்டியது தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரியை அங்கே கேட்பார்கள். நான் முதல் தடவை ரசீதை வீட்டில் விட்டுவிட்டுப் போய், வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, கவுன்டருக்கு வந்த பிறகுதான் பையைத் துழாவினேன்.

முடிந்ததும் 'சிஎஃப்' என்று தொடங்கும் எண்ணும், சான்றிதழும், ஸ்டிக்கர்களும் கிடைக்கும். பதிவு ஒற்றைப்படை வருடங்களின் டிசம்பர் 31 அன்று முடியும். ஆகவே ஒற்றைப்படை வருடத்தின் கடைசி மாதங்களில் அவசரமில்லை என்றால், ஜனவரி வரை பொறுத்துப் பதிவு செய்வது லாபம். சான்றிதழை ஜிப் பையில் போட்டுப் படகிலேயே வைத்திருங்கள், தண்ணீரில் இருக்கும்போது கேட்டால் காட்ட வேண்டும்.

என் படகுல எச்ஐஎன் நம்பரே இல்லையே?

முதலில் நன்றாகத் தேடுங்கள். அது 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரிசை. முதல் மூன்று தயாரிப்பாளரின் குறியீடு, அடுத்த ஐந்து படகின் தொடர் எண், கடைசி நான்கு தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் சொல்லும். 1972 நவம்பரிலிருந்து அமெரிக்காவில் விற்கும் படகுகளுக்கு இது கட்டாயம். வலது குழாயின் பின்பகுதியில், வெளிப்பக்கம் பாருங்கள். சில படகுகளில் சட்டத்தில் ஒரு தகடாக இருக்கும். என் நண்பர் ஒருவர் ஒரு வாரம் தேடினார், பட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது.

இணையத்தில் மலிவாக வரும் சில படகுகளில் உண்மையிலேயே இருக்காது. அப்போது படகை நேரில் சரிபார்க்கச் சொல்வார்கள், மாநிலமே ஓர் எண் கொடுக்கும். நடக்கக்கூடிய வேலைதான், ஆனால் அலைச்சல். மோட்டார் வைக்கும் எண்ணம் இருந்தால் வாங்கும் முன்பே விற்பவரிடம் எச்ஐஎன் படத்தைக் கேட்டுவிடுங்கள்.

ரப்பர்ல நம்பர் ஒட்டவே மாட்டேங்குது. மார்க்கர்ல எழுதிடவா?

வேண்டாம். எழுத்து குறைந்தது 3 அங்குல உயரம், பட்டையான எளிய எழுத்து, பின்னணியிலிருந்து எடுத்துக்காட்டும் நிறம், படகின் முன்பாதியில் இரண்டு பக்கமும், இடமிருந்து வலமாக. 'சிஎஃப்', நான்கு எண், இரண்டு எழுத்து, இவற்றுக்கு நடுவே ஓர் எழுத்தின் அகலத்துக்கு இடைவெளியோ சிறு கோடோ வேண்டும். எண்ணுக்குப் பின்னால் 3 அங்குலம் தள்ளி ஸ்டிக்கர்.

ஒட்ட இடமில்லாத படகுகளுக்குத் தனித் தகட்டில் ஒட்டி மாட்ட அனுமதி உண்டு. நான் செய்தது இதுதான்: காய்கறி நறுக்கும் மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் பலகை ஒன்றை இரண்டாக வெட்டி, நான்கு மூலையிலும் துளை போட்டு, கறுப்பு எழுத்து ஒட்டி, சட்டத்தின் முன்கம்பியில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் கட்டினேன். நான்கு வருடமாக நிற்கிறது. பலகை போனது பற்றி வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.

எந்த மோட்டார், எந்த பாட்டரி வாங்கலாம்?

இந்த எடைக்கு 30 பவுண்ட் உந்துவிசை தாராளம். 55 பவுண்ட் வாங்கியவரும் அதே வேகத்தில்தான் போகிறார், பாட்டரிதான் சீக்கிரம் தீர்கிறது. 30 பவுண்ட் மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும். 50 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி அப்படி ஒன்றரை மணி நேரம் தாங்கும். பாதி வேகத்தில் போனால் காலை முழுக்க ஓட்டலாம்.

எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய வகை ஈய பாட்டரி 20 கிலோவுக்கு மேல், அதே வேலைக்கு லித்தியம் 6 கிலோ. மோட்டார், பாட்டரி இரண்டையும் நாற்காலிக்குப் பின்னால் வைத்தால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், காற்று அதைப் பிடித்துச் சுற்றும். பாட்டரியை முடிந்தவரை நாற்காலியை ஒட்டி வையுங்கள். பாசிட்டிவ் கம்பியில் பாட்டரிக்கு அருகிலேயே ஒரு பிரேக்கர் போடுங்கள். கம்பி உரசி ஷார்ட் ஆனால், நீங்கள் உட்கார்ந்திருப்பது காற்றுப்பைக்கு நடுவில்.

மோட்டாரைக் கழட்டி வீட்ல வச்சுட்டுப் போற அன்னைக்கு?

அன்று அது துடுப்புப் படகு. மேலே சொன்ன விலக்கு பொருந்தும். ஆனால் மோட்டாரைப் பின்னால் மாட்டி, தூக்கி வைத்துவிட்டு 'நான் ஓட்டவில்லையே' என்று வாதாட வேண்டாம். பொருத்தியிருக்கிறது என்பதே போதும்.

பதிவு, கார்டு எல்லாம் இருக்கு. அப்பவும் ஏரியில விட மாட்டேங்கிறாங்களே, ஏன்?

பதிவு மாநிலத்தின் வேலை, ஏரி அதை நடத்துகிறவர் கையில். குடிநீர் ஏரிகள் பலவற்றில் உடம்பு தண்ணீரில் படக்கூடாது, கால் தொங்கும் படகுக்கு வாசலிலேயே தடை. லாசன் எரிமலைப் பூங்காவில் இருக்கும் மன்சனிடா ஏரியில் எந்த மோட்டாரும் கூடாது, பாட்டரி மோட்டாரும்தான். துடுப்போடு போனால் அருமையான ஏரி, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

இனி சிப்பி. 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில் கோல்டன் மஸல் என்ற சிறு சிப்பியைக் கண்டுபிடித்தார்கள். வட அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை. குழாய்களையும் மதகுகளையும் அடைத்துக்கொண்டு பெருகும். அதன்பின் பல ஏரிகள் பரிசோதனையைக் கடுமையாக்கின. படகுக்கு முத்திரை கட்டி 30 நாள் காத்திருக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. எந்த ஏரியானாலும் முதல்நாள் அழைத்துக் கேளுங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் திருப்பி அனுப்பலாம். நம் படகில் ஈரம் ஒளியும் இடம் உறைக்கும் பைக்கும் நடுவில்தான். வீட்டுக்கு வந்ததும் ஜிப்பைத் திறந்து பையை வெளியே இழுத்துக் காயவையுங்கள்.

ஆத்துல இறக்கலாமா?

ஏரியில் ஒரு வருடம் பழகிய பிறகு, தெரிந்தவரோடு. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் சுற்றிச் சுற்றி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு அதே தைரியத்தில் இறங்காதீர்கள், அவருக்கு அந்த ஆறு மனப்பாடம். பான்டூனில் நீரோட்டம் போகும் பக்கம் பார்த்து உட்கார்ந்து, துடுப்பைப் பின்னால் இழுக்க வேண்டும். பாறை வருகிறதா? முகத்தைப் பாறைக்குச் சாய்வாகக் காட்டி, அதிலிருந்து விலகும்படி இழுங்கள். கரையிலிருந்து தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரம்தான் எமன். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே போய்விடும், நீங்கள் போக மாட்டீர்கள்.

வேகமான நீரில் நங்கூரம் போடவே கூடாது. கயிறு இறுகினால் பின்பக்கத்தைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். கயிறு அறுக்க ஒரு கத்தி லைஃப் ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். ஆற்றில் நீச்சல் துடுப்பையும் கழற்றிவிடுங்கள், பாறை இடுக்கில் மாட்டும்.

நான் டெக்சஸ்ல இருக்கேன். என் மச்சான் சியாட்டில்ல. எங்களுக்கும் இதேதானா?

மோட்டார் என்றால் பதிவு என்பதுதான் நாடு முழுக்க அடிப்படை, விலக்குகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் கலிபோர்னியா மாதிரியே: மோட்டார் எந்த அளவானாலும் பதிவு, துடுப்புக்கு இல்லை. வாஷிங்டனில் 16 அடிக்குக் குறைவான படகில் 10 குதிரைத்திறனுக்குள் மோட்டார் வைத்து, கூட்டாட்சி அதிகாரத்தில் வராத நீர்நிலைகளில் மட்டும் ஓட்டினால் விலக்கு உண்டு. மச்சான் கொடுத்துவைத்தவர், ஆனால் தன் ஏரி அந்தக் கணக்கில் வருகிறதா என்று பார்க்கட்டும்.

மினசோட்டாவில் மோட்டார் இல்லாத 10 அடி வரையிலான படகுக்குப் பதிவு இல்லை. ஐடஹோவில் துடுப்புப் படகுக்கும் உயிரினத் தடுப்பு ஸ்டிக்கர் கேட்பார்கள், 10 அடிக்குக் குறைவான, மோட்டார் இல்லாத காற்றுப் படகுக்கு மட்டும் விலக்கு. 9 அடிப் படகு வாங்க எனக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருத்தர் பழைய படகு விக்கிறார். வாங்கலாமா, என்ன பார்க்கணும்?

மோட்டார் இல்லாமல் ஓட்டிய படகு என்றால் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு ஒன்று போதும், எச்ஐஎன்னை அதில் எழுதச் சொல்லுங்கள். ஏற்கனவே 'சிஎஃப்' எண் இருந்தால் உரிமைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பவர் 5 நாளுக்குள் டிஎம்விக்குத் தெரிவிக்க வேண்டும். எண் படகோடுதான் வரும். பழைய பலகை இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள், வீட்டுப் பலகை பிழைக்கும்.

படகை ஊதச் சொல்லிவிட்டு உட்கார்ந்து காபி குடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பட்டைகளைச் சுண்டிப் பாருங்கள். தொய்ந்திருந்தால் வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி அங்கே வந்தால் சின்னச் செலவு. வால்வு சரியாக இருந்தால் பையில் ஓட்டை. யூரித்தேன் பை என்றால் பசை வைத்து ஒட்டலாம், சாதா வினைல் பையை மாற்றிவிடுவது நல்லது, அந்த விலையைக் கழித்துக் கேளுங்கள். அப்புறம் துடுப்பு மாட்டும் வளையத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஏரி நடுவில் உடைவது பெரும்பாலும் அதுதான்.